12 வோல்ட் கன்வேர்ட்டர் போட்டால் படகு ரேடியோ செவிடாகிறது, ஸ்கோப்பில் 400 மில்லிவோல்ட் ஊசி தெரிகிறது

உப்புக்காற்று | ஞாயிறு இரவு 9.12

வணக்கம். திருமலையில் (திருகோணமலை) படகுச் சாமான் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, ரேடியோ, எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். திருக்கடலூர் அண்ணை ஒருவருக்குப் போன மாதம் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 5 வோல்ட் எடுக்கிற போர்ட் ஒன்று செய்து கொடுத்தேன், எம்பி2307 சிப், ஒற்றைப் பக்கக் கொப்பர், நானே பெரிக் குளோரைட்டில் பொறித்தது. போன் சார்ஜ் பண்ணவும் சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றுக்கும். வேலை செய்கிறது, சூடும் பெரிதாக இல்லை.

பிரச்சினை என்னவென்றால் போர்டைப் போட்டதும் அவருடைய விஎச்எஃப் ரேடியோவில் 16 ஆம் சனல் இரைகிறது. பக்கத்துப் படகு கேட்கும், தூரத்துப் படகு கேட்காது. சுவிட்சை அணைத்தால் எல்லாம் கேட்கும். ஆள் கோபமாக இல்லை, ஆனால் ராத்திரிக் கடலில் ரேடியோ கேட்காமல் இருப்பது விளையாட்டில்லை.

ஸ்கோப்பில், அதாவது மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பில், போட்டுப் பார்த்தேன், 100 மெகாஹேட்ஸ் சீன ஸ்கோப். 5 வோல்ட் வெளியீட்டில் ஒவ்வொரு சுவிட்சிங்குக்கும் 400 மில்லிவோல்ட் உயரத்துக்கு ஊசி மாதிரி ஏறி, கிணுகிணுவென்று ஆடி அடங்குகிறது. சரி என்று 100 நானோபரட் வைத்தேன், அசையவில்லை. 10 மைக்ரோ வைத்தேன், அசையவில்லை. 470 மைக்ரோ எலெக்ட்ரோலிற்றிக் வைத்தேன், அதே 400. இப்போது போர்டைப் பார்த்தால் கப்பாசிற்றர் தோட்டம் மாதிரி இருக்கிறது. எதை வைத்தாலும் அசையாத சத்தத்தை எப்படி மடக்குவது?

நண்டுக்கால் | ஞாயிறு இரவு 9.20

இன்னும் இரண்டு கப்பாசிற்றர் வைத்தால் படகு தாழும், கவனம்.

கிண்ணியா வயர் | ஞாயிறு இரவு 9.41

தம்பி, இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. பழைய மொனிட்டர் கேபிளில் இருக்குமே கறுப்பு உருண்டை, அந்த ஃபெரைட்டை வெட்டி எடுத்து விளக்கு வயரில் மாட்டு. நான் பத்துப் படகுக்காவது செய்திருப்பேன். ஸ்கோப், கணக்கு எல்லாம் பிறகு.

பழைய ரேடியோ | ஞாயிறு இரவு 10.05

நானா சொல்வதற்குப் பிறகு வருவோம், அதிலும் விஷயம் இருக்கிறது. தம்பி, முதலில் ஒரு சின்ன வேலை செய். போர்ட் ஓடிக்கொண்டிருக்கட்டும். புரோப்பின், அதாவது ஸ்கோப்பின் அளக்கிற கம்பியின், கிரவுண்ட் கிளிப்பை இப்போது எங்கே கவ்வியிருக்கிறாயோ அங்கேயே விடு. புரோப் நுனியையும் கொண்டுபோய் அதே இடத்தில், கிளிப்பின் பல்லிலேயே வை. நுனியும் கிரவுண்டும் ஒரே புள்ளி. நியாயமாகத் திரையில் நேர்கோடு வர வேண்டும். என்ன வருகிறது என்று எழுது.

உப்புக்காற்று | ஞாயிறு இரவு 10.31

அண்ணை, நம்ப முடியவில்லை. 300 மில்லிவோல்ட் ஊசி நிற்கிறது. நுனியைக் கிரவுண்டிலேயே வைத்துக்கொண்டு! போர்டை அணைத்தால் போய்விடுகிறது, கடையின் ரியூப் லைற் சத்தம் மட்டும் மெல்லியதாக இருக்கிறது.

பழைய ரேடியோ | ஞாயிறு இரவு 10.58

அப்போ உன் 400 இல் முக்கால்வாசி போர்டின் வெளியீட்டில் இல்லை, உன் கையில் இருக்கிறது. அந்த முதலைக் கிளிப் வயர் எவ்வளவு நீளம்? 15 சென்ரிமீற்றர் இருக்கும். அந்த வயரும் புரோப்பின் உடலும் நுனியும் சேர்ந்து ஒரு வளையம். போர்டின் சுவிட்சிங் பகுதியில் மின்னோட்டம் சில நானோசெக்கனில் வெட்டப்படும்போது பக்கத்திலுள்ள காந்தப்புலம் அந்த வளையத்தை ஊடறுக்கிறது. வளையம் இருந்தால் வோல்ட் தூண்டப்படும், இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நீ கப்பாசிற்றர் வைத்த இடம் வேறு, சத்தம் புகுந்த இடம் வேறு. 470 என்ன, 4,700 வைத்தாலும் அசையாது.

இன்னொன்று. வயர் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். 15 சென்ரிமீற்றர் என்றால் 150 நானோஹென்றி. பத்து மடங்கு புரோப்பின் நுனியில் 12 பிக்கோபரட் அளவில் கொள்ளளவம் இருக்கும். தூண்டியும் கொள்ளளவியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ரீச்சர் வந்து சொல்லட்டும்.

மீடிறன் | திங்கள் காலை 6.15

பள்ளிக்கூடம் போகுமுன் எழுதுகிறேன். 150 நானோஹென்றி, 12 பிக்கோபரட். பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கித் தலைகீழாக்கினால் பரிவு மீடிறன் (தட்டினால் தானாக ஆடும் அதிர்வெண்) ஏறக்குறைய 119 மெகாஹேட்ஸ். அதாவது உங்கள் புரோப் ஒரு மணி. கூர்மையாக எதனால் தட்டினாலும் 119 இலேயே கிணுகிணுக்கும். தம்பி, நீங்கள் பார்த்த ஆட்டத்தின் மீடிறனை அளந்தீர்களா? இரண்டு உச்சிகளுக்கு இடையில் எத்தனை நானோசெக்கன்?

உப்புக்காற்று | திங்கள் மாலை 7.48

ரீச்சர், முதல் நாள் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். உச்சிக்கு உச்சி எட்டரை நானோசெக்கன், கணக்குப் போட்டால் 118. கையும் களவுமாக அகப்பட்டது என் புரோப்தான்.

இன்றைக்கு அந்த நீளக் கிளிப் வயருக்குப் பதிலாகக் கிரவுண்டுக்கு ஒரு குட்டி ஸ்பிரிங் செய்தேன். புரோப்போடு வந்த சின்ன ஸ்பிரிங்கை எங்கேயோ தொலைத்துவிட்டேன். நுனியிலுள்ள கொக்கித் தொப்பியைக் கழற்றினால் உள்ளே ஊசியும் அதைச் சுற்றி ஒரு உலோகக் கழுத்தும் இருக்கிறது, அந்தக் கழுத்துத்தான் கிரவுண்ட். பழைய ரிலேயிலிருந்து எடுத்த வெள்ளி பூசிய கம்பியைக் கழுத்தில் இறுக்கமாக நாலு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை ஊசியோடு சேர்ந்து நீட்டிக்கொண்டு நிற்கும்படி வளைத்தேன், இரண்டுக்கும் நடுவே 5 மில்லிமீற்றர். முதலில் கம்பியில் எனாமல் பூசியிருந்தது தெரியாமல் கால் மணித்தியாலம் தலையைப் பிய்த்துக்கொண்டேன், சுரண்டின பிறகுதான் தொட்டது.

ஊசியை வெளியீட்டுக் கப்பாசிற்றரின் ஒரு பக்கத்திலும் கம்பியை மறுபக்கத்திலும் வைத்தேன். 400 இருந்த இடத்தில் 60 மில்லிவோல்ட். இரண்டையும் கிரவுண்டில் வைத்தால் 15. வைத்த கப்பாசிற்றர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், 60 என்பது 70 ஆனது. அவ்வளவுதான்.

மீடிறன் | திங்கள் மாலை 8.10

எழுதும்போது கவனியுங்கள், ரிலேக் கம்பியில் வெள்ளியும் எனாமலும் ஒன்றாகவா இருந்தது? சிவப்பு எனாமல் பூசிய செம்புக் கம்பியாக இருக்கும். 😀

உப்புக்காற்று | திங்கள் மாலை 8.14

ஓம் ரீச்சர், செம்புதான். சுரண்டின பிறகு ஈயம் பூசினேன், அதுதான் வெள்ளியாகத் தெரிந்தது.

வளாகத்துப் பொடியன் | திங்கள் இரவு 9.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 60 மில்லிவோல்ட்டை எல்லாம் பார்ப்பதென்றால் புரோப் சுவிட்சை ஒரு மடங்கில் வைத்தால் பெரிதாகத் தெரியாதா? பத்து மடங்கில் சிக்னல் பத்தில் ஒன்றாகச் சிறுத்துத்தானே ஸ்கோப்புக்குப் போகிறது?

பழைய ரேடியோ | திங்கள் இரவு 9.30

நல்ல கேள்வி. சிறுப்பது உண்மை. ஆனால் ஒரு மடங்கில் வைத்தால் புரோப்பின் கேபிள் முழுவதும் உன் சுற்றின் மேல் ஏறிக் குந்துகிறது, 100 பிக்கோபரட் அளவுக்கு. சாதாரண புரோப் ஒன்றின் அலைவரிசை அந்த நிலையில் 6 மெகாஹேட்ஸ் சொச்சத்தோடு முடிந்துவிடும். 100 மெகாஹேட்ஸ் ஆட்டத்தைத் தேடுகிறவன் அதை வைத்தால் சத்தம் இல்லை என்று சந்தோஷமாகப் படுத்துவிடலாம்.

கப்பாசிற்றருக்கு நேராக மெல்லிய கோஅக்ஸ் கேபிள் ஒன்றைச் சோல்டர் பண்ணி, ஸ்கோப் பக்கம் 50 ஓம் முடிப்பு (கேபிள் முடிகிற இடத்து றெசிஸ்ரர்) வைத்து அளப்பதுதான் அழகான வழி. புரோப்பே இல்லை, மணியும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு கப்பாசிற்றர் தொடராக இருக்கவே வேண்டும். மறந்து 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் 50 ஓமில் 100 மில்லிஅம்பியர், அரை வாட். 12 வோல்ட்டைக் கொடுத்தால் மூன்று வாட்டுக்குக் கிட்ட, முடிப்பு புகையும். எனக்கு ஒன்று புகைந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அப்புறம், கடையில் விற்கிற பவர் சப்ளையின் தாளில் ரிப்பிள் (வெளியீட்டின் சிற்றலை) 50 மில்லிவோல்ட் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 20 மெகாஹேட்ஸ் வடிகட்டியைப் போட்டு அளந்தது. உன் ஸ்கோப்பிலும் அந்தப் பொத்தான் இருக்கும். ரிப்பிள் பார்க்க அது சரி. இந்த வியாதிக்கு அதை அழுத்தாதே, நோயாளியையே மறைத்துவிடும்.

கிண்ணியா வயர் | திங்கள் இரவு 9.55

இப்போது எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஸ்கோப்பில் 400 ஐ 60 ஆக்கிவிட்டீர்கள், நல்லது, போர்ட் நல்ல போர்ட் என்று சேர்ட்டிபிக்கேற் கொடுத்தாயிற்று. ஆனால் அங்கே ரேடியோ இன்னும் இரைகிறதே? ரேடியோவுக்கு உங்கள் ஸ்பிரிங் பற்றித் தெரியுமா?

நண்டுக்கால் | திங்கள் இரவு 9.57

நானாவுக்கு ஒரு பிளேன்ரீ.

பழைய ரேடியோ | திங்கள் இரவு 10.40

நானா சரியான இடத்தில் பிடித்தார். ஸ்பிரிங் வைத்து அளந்தது போர்டைக் குணப்படுத்தவில்லை, நம்முடைய கண்ணைத்தான் கழுவியது.

கடல் ரேடியோ ஒன்றின் காது எவ்வளவு கூர்மை என்று யோசியுங்கள். கால் மைக்ரோவோல்ட் வந்தாலே பேச்சு விளங்கும். தம்பியின் ஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிகிற ஆகச் சின்ன அசைவு ஒரு மில்லிவோல்ட் என்றால் அது ரேடியோவின் கணக்கில் நாலாயிரம் மடங்கு. ஸ்கோப்பில் கோடு நேராக இருப்பதற்கும் 16 ஆம் சனல் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமே இருக்கத் தேவையில்லை.

அடுத்தது, தம்பி அளந்தது 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில். ரேடியோவுக்குப் போவது அது இல்லை. விளக்குக்குப் போகிற இரண்டு வயரும் ஒன்றாக, ஒரே திசையில், ஏரியல் மாதிரி ஆடுகின்றன. இரண்டும் சேர்ந்து ஆடினால் இரண்டுக்கும் இடையில் அளக்கிறவனுக்கு என்ன தெரியும்? கோணேசர் மலையிலிருந்து பார்த்தால் கடலில் இரண்டு படகும் ஏறி இறங்குவது தெரியும், ஒரு படகிலிருந்து மற்றதைப் பார்க்கிறவனுக்கு அது அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், அந்தக் கதைதான். ஒரு மீற்றர் வயரில் 50 மெகாஹேட்ஸில் இப்படி 5 மைக்ரோஅம்பியர் ஓடினால் போதும், மூன்று மீற்றர் தள்ளி மீற்றருக்கு 100 மைக்ரோவோல்ட் அளவில் புலம் நிற்கும், வீட்டுச் சாமானுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கிற எல்லையே அந்த அளவுதான். படகில் ரேடியோ ஏரியல் மூன்று மீற்றர்கூடத் தள்ளி இல்லை.

தம்பி, விளக்கு வயர் எவ்வளவு நீளம்?

உப்புக்காற்று | திங்கள் இரவு 10.52

அரை மீற்றர். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருக்கலாம்.

மீடிறன் | திங்கள் இரவு 11.03

சிரிப்பு வருகிறது. 16 ஆம் சனல் 156.8 மெகாஹேட்ஸ். 300 ஐ 156.8 ஆல் வகுத்தால் அலைநீளம் 1.91 மீற்றர், அதில் கால்வாசி 48 சென்ரிமீற்றர். கடையில் ஏரியல் வாங்கினாலும் இவ்வளவு அளவெடுத்துத் தர மாட்டார்கள்.

உப்புக்காற்று | செவ்வாய் காலை 11.20

அண்ணை, ரீச்சர், இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். படகுக்காரர் சொல்கிறார், இரைச்சல் ஒரே மாதிரி நிற்பதில்லையாம். போட்டவுடன் ஒரு மாதிரி, பத்து நிமிடத்தில் குறைகிறது, பிறகு திரும்ப வருகிறது, காற்று அடித்தால் மாறுகிறது என்கிறார். லூஸ் கொன்டக்ட் என்று நினைத்து எல்லாக் கிளிப்பையும் சுரண்டினேன், உப்புப் பூத்துத்தான் இருந்தது, ஆனால் சுத்தம் பண்ணியும் அதே கதை.

மீடிறன் | செவ்வாய் மாலை 4.35

எம்பி2307 இன் சுவிட்சிங் 340 கிலோஹேட்ஸ் அளவில். அதன் மடங்குகள் எல்லாம் வரிசையாகச் சீப்புப் பல் மாதிரி நிற்கும், பல்லுக்குப் பல் 340 கிலோஹேட்ஸ் இடைவெளி. 461 ஆவது பல் 156.74 மெகாஹேட்ஸ், உங்கள் சனலுக்குப் பக்கத்து வாசல். சிப் சூடாகி அடிப்படை மீடிறன் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் அந்தப் பல் 157 கிலோஹேட்ஸ் நகரும். சனல் அகலம் வெறும் 25. ஆகவே பல் வரும், சனலைக் கடந்து போகும், அடுத்த பல் வரும். காற்றுப் பட்டால் சிப் ஆறும், சீப்பு திரும்பி நகரும். பழைய அனலொக் ரேடியோவில் ஊசியைத் திருப்புகிற மாதிரி, இங்கே ரேடியோ நிற்கிறது, நிலையம் திரும்புகிறது. உங்கள் படகுக்காரர் நல்ல அவதானி.

ஆனால் 461 ஆவது பல்லுக்கு இவ்வளவு பலம் சாதாரணமாக இருக்காது. அந்தப் பக்கத்தில் எதுவோ அதைத் தூக்கிவிடுகிறது.

பழைய ரேடியோ | செவ்வாய் மாலை 6.00

அதைத்தான் தேட வேண்டும், தொடாமல் தேட வேண்டும். மெல்லிய கோஅக்ஸ் ஒரு முழம் எடு. ஒரு முனையை ஒரு சென்ரிமீற்றர் வட்டமாக வளைத்து நடுக்கம்பியைத் திரும்பக் கொண்டுவந்து அதே கேபிளின் பின்னல் உறையில் சோல்டர் பண்ணு. வட்டத்தின் உச்சியில் பின்னலை மட்டும் ஒரு மில்லிமீற்றர் வெட்டி இடைவெளி விடு, அப்போதுதான் மின்புலத்தை விட்டுக் காந்தப்புலத்தை மட்டும் முகரும். மேலே சுருங்குகிற உறை ஒன்று போட்டு மூடு, வெற்று உலோகம் போர்டில் பட்டால் சோலி முடிந்தது. மறுமுனையை ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு, அதாவது எந்த மீடிறனில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கருவிக்கு, கொடு. டைனி எஸ்ஏ என்கிற குட்டி அனலைசர் யாரிடமாவது இருந்தால் வாங்கு, அதன் 'லோ' உள்ளீடு 350 மெகாஹேட்ஸ் வரை போகும். இல்லாவிட்டால் டீவி டொங்கிளில் வேலை செய்கிற ஆர்டிஎல் எஸ்டிஆர் போதும்.

வளையத்தைப் பிடிக்கும் விதம் முக்கியம். வட்டத்தின் தளம் செம்புப் பாதையோடு நேர்கோட்டில் நின்றால் ஆகக் கூட வரும், குறுக்கே திருப்பினால் இல்லாமல் போகும். திருப்பித் திருப்பிப் பார்த்தால் மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்றே சொல்லிவிடும்.

கிண்ணியா வயர் | செவ்வாய் மாலை 6.22

டைனி எஸ்ஏ என்னிடம் இருக்கிறது. பெருநாளைக்குக் கொழும்பு போனபோது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி, கிடைக்காமல், ஒன்லைனில் எடுத்தது. தம்பி, நாளைக்குத் திருமலைக்குச் சாமான் ஏற்ற வருகிறேன், கொண்டுவருகிறேன். ஃபெரைட்டும் கொண்டுவருவேன், அதையும் பூட்டிப் பார்க்க வேண்டும், சரியா?

உப்புக்காற்று | புதன் இரவு 10.15

நானா பின்னேரம் முழுவதும் கடையில் இருந்தார். எழுத நிறைய இருக்கிறது.

வளையத்தை விளக்கு வயரில் வைத்ததும் 158 மெகாஹேட்ஸைச் சுற்றி ஒரு மேடு தெரிந்தது. கூர்மையான ஒற்றை ஊசி இல்லை, ரீச்சர் சொன்ன சீப்புத்தான், ஆனால் 158 இல் பற்கள் எல்லாம் எழும்பி நிற்கின்றன. போர்டுக்கு மேலே கொண்டுவந்தேன். வெளியீட்டுப் பக்கம் சாதாரணம். சுருளுக்கு மேலே எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சிப்புக்கும் உள்ளீட்டுக் கப்பாசிற்றருக்கும் இடையிலுள்ள பாதைக்கு மேலே வைத்ததும் மேடு 20 டெசிபெல் குதித்தது. நானா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

பிறகு ஸ்பிரிங் புரோப்பைச் சிப்பின் சுவிட்ச் காலிலேயே வைத்தேன். ஆட்டம் 150 மெகாஹேட்ஸ் என்று காட்டியது, வளையம் 158 என்றது. எது சரி?

பழைய ரேடியோ | புதன் இரவு 10.44

வளையம்தான் சரி. புரோப்பை வைத்ததும் அதன் 12 பிக்கோபரட் சுவிட்ச் காலில் ஏறிக்கொள்கிறது, மணி கொஞ்சம் கனத்துத் தாழ்ந்து அடிக்கிறது. உன் 100 மெகாஹேட்ஸ் ஸ்கோப் 150 ஐ ஏறக்குறையப் பாதி உயரத்தில்தான் காட்டும் என்பதையும் மனதில் வை. ஆனால் ஒன்று கவனித்தாயா? கிளிப்பை மாற்றியபோது 118 காணாமல் போனது, அது புரோப்பின் மணி. இந்த 158 ஐ வளையத்தால் பார்த்தாலும் ஊசியால் பார்த்தாலும் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓடிப்போகவில்லை. இதுதான் போர்டின் சொந்த மணி.

உள்ளீட்டுக் கப்பாசிற்றர் சிப்பிலிருந்து எவ்வளவு தூரம்?

உப்புக்காற்று | புதன் இரவு 10.50

8 மில்லிமீற்றர். ஒற்றைப் பக்கப் போர்ட், நடுவில் ஒரு ஜம்பர் போக வேண்டியிருந்தது. அது சும்மா 12 வோல்ட் வருகிற இடம்தானே என்று தள்ளி வைத்தேன்.

பழைய ரேடியோ | புதன் இரவு 11.20

எல்லோரும் செய்கிற பிழை. வெளியீட்டில் கப்பாசிற்றரைக் குவிப்போம், உள்ளீட்டை மறப்போம். இப்படி வோல்ட்டைக் குறைக்கிற பக் கன்வேர்ட்டரில் சுருளின் பக்கம் மின்னோட்டம் வழுவழுவென்று ஓடும். உள்ளீட்டுப் பக்கம்தான் வெட்டிவெட்டி ஓடுகிறது, சிப்புக்குள் மேல் சுவிட்ச் போட்டால் முழுதாக, அணைத்தால் பூச்சியம், நானோசெக்கன்களில். அந்த வெட்டு ஓடுகிற வளையம் உள்ளீட்டுக் கப்பாசிற்றரிலிருந்து இரண்டு சுவிட்சையும் கடந்து திரும்பவும் கப்பாசிற்றருக்கு. அதன் தூண்டியும் சுவிட்சின் கொள்ளளவமும்தான் உன் 158.

நாளைக்கு இதைச் செய். சிப்பில் இன் காலும் கிரவுண்ட் காலும் ஒரே பக்கத்தில், நடுவில் சுவிட்ச் கால். 1206 அளவு செராமிக், 1 மைக்ரோ, 50 வோல்ட், அதைச் சுவிட்ச் காலுக்கு மேலால் பாலம் மாதிரி இரண்டு கால்களிலும் நேரே சோல்டர் பண்ணு. நடுக்காலில் படாமல் கீழே சூடு தாங்கும் கப்டன் ரேப் துண்டு ஒன்று வை. 10 மைக்ரோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சின்ன 0805 இல் 10 மைக்ரோ என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட் ஏறினால் பாதிகூட மிஞ்சாத சாதி இருக்கிறது, எழுத்தை நம்பாதே.

உப்புக்காற்று | வியாழன் மாலை 8.05

பாலம் கட்டினேன். முதல் தடவை ஈயம் வழிந்து சுவிட்ச் காலைத் தொட்டது, பற்றரி கொடுக்குமுன் மல்ற்றிமீற்றரில் பார்த்ததால் பிழைத்தேன். இரண்டாவது தடவை சரி.

மேடு பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் 158 இல் இல்லை, 215 க்குப் போய்விட்டது.

நண்டுக்கால் | வியாழன் மாலை 8.09

குப்பையைப் பக்கத்து வளவுக்குள் எறிந்தாயிற்று.

மீடிறன் | வியாழன் மாலை 8.40

தூண்டி குறைந்தால் மீடிறன் ஏறத்தான் செய்யும், அது வேலை நடந்ததற்கு அடையாளம். ஆனால் நண்டு சொல்வதும் நியாயம், 215 இல் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். மணியையே அமர்த்த வேண்டும். சுவிட்ச் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு கப்பாசிற்றரை மட்டும் தற்காலிகமாக வைத்து, மேடு சரிபாதி மீடிறனுக்கு வரும்வரை பெறுமானத்தை மாற்றுங்கள். மீடிறன் பாதி என்றால் மொத்தக் கொள்ளளவம் நாலு மடங்கு, அதாவது நீங்கள் வைத்தது ஏற்கெனவே ஒளிந்திருப்பதன் மூன்று மடங்கு.

உப்புக்காற்று | வியாழன் இரவு 9.37

220 வைத்தேன், போதவில்லை. 330 பிக்கோபரட் வைத்ததும் 107.

மீடிறன் | வியாழன் இரவு 9.52

அப்போ ஒளிந்திருப்பது 110 பிக்கோபரட். 215 இல் அதோடு பரியும் தூண்டி 5 நானோஹென்றி. 5 நானோவை 110 பிக்கோவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 6.7 ஓம். கடையில் 6.8 ஓம் றெசிஸ்ரர் கிடைக்கும். அதோடு தொடராக 110 இன் நாலு மடங்கு அளவில், 470 பிக்கோபரட் கப்பாசிற்றர். 330 ஐக் கழற்றிவிட்டு இந்தச் சோடியைச் சுவிட்ச் காலுக்கும் கிரவுண்டுக்கும் வையுங்கள். கால்களை நீட்டி வைத்தால் இன்னொரு மணி செய்வீர்கள், ஒட்டி வையுங்கள். சூடு? 13.8 வோல்ட்டின் வர்க்கம், 470 பிக்கோ, 340 கிலோ, பெருக்கினால் 30 மில்லிவாட். 0805 றெசிஸ்ரர் தாங்கும்.

வளாகத்துப் பொடியன் | வியாழன் இரவு 10.10

வீட்டில் ஒரு 230 வோல்ட் எல்ஈடி பல்ப்பும் எஃப்எம் ரேடியோவைக் கெடுக்கிறது. அதன் உள்ளேயும் ஸ்பிரிங் புரோப்பை வைத்து இப்படிப் பார்க்கலாமா?

பழைய ரேடியோ | வியாழன் இரவு 10.13

வேண்டாம்! ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் சுவர்ச் சொக்கற்றின் எர்த்தோடு நேரே தொடுப்பில் இருக்கிறது. அந்தப் பல்ப்பின் உள்ளே இருக்கிற கிரவுண்ட் லைனோடு தொடுப்பில் இருக்கிறது. கிளிப் பட்ட நொடியில் வெடிக்கும், ஸ்கோப் போகும், சில வேளை நீயும். எர்த் காலை வெட்டிவிட்டால் சரி என்று யாராவது சொன்னால் அந்த ஆளின் கடைக்குப் போகாதே, அப்போது ஸ்கோப்பின் உடம்பே லைனாகிவிடும். பல்ப்பைத் திறக்காமல் வெளியே வளையத்தை வைத்துப் பார்.

உப்புக்காற்று | சனி இரவு 7.30

சோடியை வைத்ததும் 215 மேடு சீப்போடு சீப்பாகக் கரைந்துவிட்டது. 158 இலும் ஒன்றுமில்லை. நானா கொண்டுவந்த கிளிப் ஃபெரைட்டையும் விளக்கு வயரில், பெட்டியிலிருந்து வெளியே வருகிற இடத்திலேயே பூட்டினேன், வயரை இரண்டு தடவை சுற்றி. இன்னும் 6 டெசிபெல் இறங்கியது. முதல் நாள் நிலையில், அதாவது பாலமும் சோடியும் இல்லாமல், ஃபெரைட்டை மட்டும் பூட்டினால் எவ்வளவு என்று கேட்டார். கழற்றிப் பார்க்கப் பொறுமை இல்லை நானா, மன்னியுங்கள்.

கிண்ணியா வயர் | சனி இரவு 7.44

நான் சொன்னேனே, கடைசியில் ஃபெரைட்தான். சரி சரி, பகிடி. பத்துப் படகில் மூன்றில் அது வேலை செய்யவில்லை என்பதை அப்போது சொல்லவில்லை, இப்போது ஏன் என்று விளங்குகிறது. ஒன்று மட்டும், பழைய கொம்பியூட்டர் சப்ளையிலிருந்து எடுக்கிற மஞ்சள் வெள்ளை வளையத்தை இதற்குப் போடாதீர்கள். அது இரும்புத் தூள், இந்த மீடிறனில் ஒன்றும் செய்யாது. நான் போட்டிருக்கிறேன்.

பழைய ரேடியோ | சனி இரவு 8.15

படகில் பூட்டிப் பார்த்தாயா? மேசையில் நல்லது கடலில் நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

உப்புக்காற்று | திங்கள் காலை 9.05

நேற்றுப் பின்னேரம் பூட்டிக் கொடுத்தேன், ராத்திரி கடலுக்குப் போனார். விடிய வந்து கடைக்கு முன்னால் படகு எஞ்சினை விடச் சத்தமாகக் கதைத்தார். ரேடியோ இப்போது எல்லாப் படகையும் கேட்கிறதாம், இரவிரவாக ஒருவரும் வாயை மூடவில்லையாம், ஒரு கண் நித்திரை கொள்ளவில்லையாம். கணக்கைக் கழித்துக்கொள் என்று இரண்டு பாரை மீன் தந்துவிட்டுப் போனார். நானா, ஒன்று உங்களுக்கு, ஐஸ் பெட்டியில் இருக்கிறது, பின்னேரத்துக்குள் வாருங்கள். மீன் தேடும் கருவியில் ஒரு கோடு ஓடுகிறதாம், அதையும் பார்க்கச் சொன்னார். அதற்கு வேறு இழை திறக்கிறேன்.